லாஸ்கோ அசல் குகைக்குள் கூட்டிப்போகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

தென்மேற்கு பிரான்சில் தோர்தோன் பக்கம் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். அங்கே லாஸ்கோ என்ற குகையில் ஆதி மனிதன் வரைந்த அசல் ஓவியங்களைக் காட்டுகிறோம் என்று சொல்லி எங்களிடம் ஆளுக்கு 190 யூரோ வாங்கினார்கள். அந்தக் குகை 1963லேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. எவ்வளவு கொடுத்தாலும் எந்த ஏஜென்சியும் உங்களை அதற்குள் கூட்டிப்போக முடியாது. இது தெரிந்தேதான் விற்கிறார்கள்.

மாமனாரும் மாமியாரும் தஞ்சாவூரிலிருந்து எங்களைப் பார்க்க பாரிஸ் வந்திருந்தார்கள். மாமா பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். பாரிஸில் எதைக் காட்டினாலும் சரி, நன்றாக இருக்கிறது என்பார், ஆனால் அவராக வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றைத்தான்: ஆதி மனிதன் குகையில் வரைந்த அந்தக் காளைகளைப் பார்க்க முடியுமா என்று. பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயில், அங்கிருந்து தோர்தோனில் இருக்கும் சார்லா ஊருக்கு ஒரு சின்ன ரயில், அதுவரை பிரச்சினை இல்லை. சார்லாவுக்கு அப்பால் கார் இல்லாமல் நகர்வது கஷ்டம். ஊருக்கு ஊர் பஸ் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், குகைகளும் கோட்டைகளும் ஆளுக்கொரு பள்ளத்தாக்கில் கிடக்கின்றன. இந்த ஏஜென்சிகள் பிழைப்பதே இதை வைத்துத்தான்.

இணையத்தில் ஆங்கிலத்தில் அழகாக ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். லாஸ்கோ ஓவியங்கள், ஃபோன்-ட-கோம் குகை, பெய்னாக் கோட்டை, நதியில் மரப்படகுப் பயணம், எல்லாவற்றுக்கும் நுழைவுக் கட்டணம் உட்பட என்று போட்டிருந்தது. படங்கள் எல்லாம் அசல் குகையில் எடுத்தவை. நான் வாட்ஸ்அப்பில் நேராகவே கேட்டேன், அசல் குகையா, இல்லை அதைப் பார்த்து அப்படியே செய்த மாதிரிக் குகையா என்று. 'அசல்தான் சார், சிறிய குழுவுக்கு மட்டும் அனுமதி' என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது.

காலையில் வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். சார்லாவிலிருந்து லாஸ்கோ இருக்கும் மோன்டின்யாக் ஊர் 25 கிலோமீட்டர்தான். வண்டி போய் நின்ற இடம் லாஸ்கோ 4, அதாவது 2016 டிசம்பரில் திறந்த புதிய மாதிரிக் குகை. டிரைவர் எங்களை வாசலில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார், திரும்பி வந்து 'இன்று கூட்டம், உங்கள் நேரம் தாண்டிவிட்டது' என்றார். எனக்குச் சந்தேகம் வந்து நானே கவுன்டரில் போய்க் கேட்டேன். அந்த அம்மா என் பெயரில் தேடினார், ஏஜென்சி பெயரில் தேடினார், எங்கள் பெயரில் எந்தப் பதிவுமே இல்லை. அசல் குகை பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. 'இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை' என்றார்.

மாமா பக்கத்தில்தான் நின்றார். ஆங்கிலத்தில் பேசியது எல்லாம் அவருக்குப் புரிந்தது. 'அப்போ அந்தக் குகை கிடையாதா மாப்பிள்ளை?' என்று மட்டும் கேட்டார். அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூடியதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்த குகை அது. 1948ல் மக்களுக்குத் திறந்தார்கள். ஐம்பதுகளில் நாளுக்கு ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே போய் வந்தார்கள், அத்தனை பேரின் மூச்சுக் காற்றும் உடம்புச் சூடும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர ஆரம்பித்தது, ஓவியங்களின் மேல் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாகப் பூத்தது. ஏறத்தாழ 17,000 வருஷமோ அதற்கு மேலோ கெடாமல் இருந்தது பதினைந்து வருஷத்தில் கெடப் பார்த்தது. அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ 1963ல் மூட உத்தரவு போட்டார். இன்றைக்குப் பராமரிப்புக்கும் ஆய்வுக்கும் மட்டும், அதுவும் கணக்காகத்தான் ஆட்கள் உள்ளே போகிறார்கள். சுற்றுலா டிக்கெட் என்று ஒன்று கிடையவே கிடையாது.

மாதிரிக் குகை மட்டம் என்று நான் சொல்லவில்லை. 1983ல் திறந்த லாஸ்கோ 2, அசல் குகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பல வருஷம் பாடுபட்டு உருவாக்கியது. லாஸ்கோ 4 இன்னும் பெரியது. இரண்டுமே போய்ப் பார்க்க வேண்டியவை. கட்டணமும் இருபது யூரோ வாக்கில்தான். அதை அசல் என்று சொல்லி 190 யூரோவுக்கு விற்றதுதான் அநியாயம்.

சரி, லாஸ்கோ 4ல் மதியம் ஆங்கில வழிகாட்டியோடு போகும் ஒரு சுற்றில் இடம் இருக்கிறது, நாங்களே டிக்கெட் எடுத்துக்கொள்கிறோம் என்றேன். அதற்கு டிரைவர், காத்திருந்தால் தனியாகக் காசு, கோட்டையும் படகும் போய்விடும் என்று நெருக்கினார். ஃபோன்-ட-கோமில் உண்மையான ஓவியம் இருக்கிறது, அங்கே போகலாம் என்றார். அது நிஜம்தான். லேஸெய்ஸி ஊரில் இருக்கும் அந்தக் குகையில் பல வண்ணத்தில் தீட்டிய அசல் காட்டெருமைகளை இன்றும் மக்கள் நேரில் பார்க்கலாம். ஆனால் நாளுக்கு மிகக் கொஞ்சம் பேரைத்தான், சின்னச் சின்னக் குழுவாக, வழிகாட்டியோடு விடுகிறார்கள். கோடையில் முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனால் பார்ப்பது அபூர்வம். கவுன்டரில் 'இன்று இடமில்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். இங்கேயும் எங்கள் பெயரில் ஒன்றும் இல்லை.

அடுத்து, கேட்காமலே ஒரு கடை. ட்ரஃபிள் சுவைத்துப் பார்ப்பது இலவசம் என்று உள்ளே தள்ளினார்கள், முக்கால் மணி நேரம் அங்கேயே போனது. ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் காளான் மாதிரி, பெரிகோர் (தோர்தோன் பகுதியின் பழைய பெயர்) கருப்பு ட்ரஃபிளுக்கு இந்தப் பகுதி பெயர் பெற்றது. அதன் பருவம் குளிர்காலம், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வாக்கில். நாங்கள் போனது ஜூலை. ஜூலையில் புதுசாகக் கிடைப்பது கோடை ட்ரஃபிள், அது வேறு இனம், வாசமும் விலையும் குறைவு. அதைக் கருப்பு ட்ரஃபிள் என்று சொல்லி நீட்டினார்கள். அத்தை கையில் ஒரு சின்ன எண்ணெய்ப் பாட்டிலைத் திணித்து 28 யூரோ என்றார்கள். நான் திருப்பிப் பார்த்தேன், பின்னால் பொடி எழுத்தில் சூரியகாந்தி எண்ணெய், அப்புறம் வாசனைச் சேர்க்கை, அவ்வளவுதான். ட்ரஃபிள் துண்டு ஒன்றுகூட அதில் இல்லை. அந்தப் பகுதியில் எது வாங்கினாலும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். வால்நட் வாங்குங்கள், அது அங்கே உண்மையிலேயே அருமையாக இருக்கிறது.

பெய்னாக் கோட்டையைக் கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து காட்டினார். 'போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷம்'. பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போரில் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற கோட்டை அது, நதிக்கு எதிர்க்கரையில் தெரியும் காஸ்டெல்நோ கோட்டை ஆங்கிலேயர் பக்கம், இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றவை. இதை டிரைவர் சொல்லவில்லை, மாமாதான் எங்களுக்குச் சொன்னார். உள்ளே போக டிக்கெட் எங்கே என்று கேட்டதற்கு 'பார்வையிடல்' என்றுதானே போட்டிருக்கிறோம், 'நுழைவு' என்றா போட்டிருக்கிறோம் என்று வாதம் செய்தார். அவர்கள் பக்கத்தில் நுழைவு என்றுதான் இருந்தது. லா ரோக் கஜாக் என்ற ஊரில் மரப்படகுக்கும் நாங்களே காசு கட்டினோம். அந்தப் படகுப் பயணத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் சரக்கு ஏற்றிப்போன தட்டை அடிப் படகு மாதிரியே செய்திருக்கிறார்கள், செங்குத்துப் பாறைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஊரைத் தண்ணீரிலிருந்து பார்க்கவே ஒரு தடவை போகலாம்.

மறுநாள் நாங்கள் தங்கியிருந்த இடத்தின் உரிமையாளரே உள்ளூர் டாக்சிக்காரர் ஒருவருக்குப் போன் செய்து கொடுத்தார். காலையில் லாஸ்கோ 4, மதியம் ரூஃபின்யாக் குகை. பெரியவர்களோடு போகிறவர்கள் ரூஃபின்யாக்கைத் தவறவிடாதீர்கள். முழுக்க அசல் குகை, உள்ளே மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே போகிறோம், முட்டி வலிக்காரர்களுக்கும் கஷ்டமில்லை. அழிந்துபோன மாமத் யானைகள் நூற்றுக்கும் மேல், கருப்புக் கோட்டில் வரைந்தவையும் சுவரில் கீறிச் செதுக்கியவையுமாக. வழியில் சுவரில் குகைக் கரடிகள் நகத்தால் கீறிய தடங்கள் இருக்கின்றன, அவை ஓவியங்களைவிட வெகு பழையவை. உள்ளே 13 டிகிரிதான், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் சால்வையோ ஸ்வெட்டரோ எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நின்று விளக்கை மேலே திருப்பியபோது மாமா தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்சி, டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்தும் நான்கு பேருக்கு முந்தைய நாள் செலவில் பாதிகூட வரவில்லை.

போகிறவர்கள் முதலில் ஃபோன்-ட-கோமுக்கு நேரடியாக அரசு தளத்தில் பதிவு செய்யுங்கள், அந்தத் தேதியை வைத்து மற்றதை அமைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்சி மூலம்தான் போக வேண்டும் என்றால் பணம் கட்டும் முன் அவர்களுடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். பிரான்சில் சுற்றுலாவைத் தொகுப்பாக விற்கிறவர்கள் அத்து பிரான்ஸ் (Atout France) என்ற சுற்றுலா அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும், எண் 'ஐஎம்' (IM) என்று தொடங்கும், அதை இணையத்திலேயே சரிபார்க்கலாம். எங்களிடம் விற்றவர்கள் பக்கத்தில் அப்படி ஒரு எண்ணே இல்லை. குகை டிக்கெட் உட்பட என்றால் நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் டிக்கெட் எடுக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, தேதி குறித்த சுற்றுலாவுக்கு 14 நாள் ரத்து உரிமை கிடையாது என்று சட்டம் பேசினார்கள். அந்த விதி உண்மைதான், ஆனால் அது மனம் மாறி நாமாக ரத்து செய்வதற்கு. விற்ற சேவையைத் தராமல் விட்டதற்கு அந்த விதி பொருந்தாது. நான் வாடிக்கையாளர் புகார்களுக்கான அரசின் 'சினியால் கோன்ஸோ' (SignalConso) தளத்தில் வாட்ஸ்அப் பதிலையும் விளம்பரப் பக்கத்தின் படத்தையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன், வங்கியிலும் கார்டு பணத்தைத் திரும்பப் பெற எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் நீங்களும் அந்தத் தளத்தில் புகார் கொடுங்கள், ஒரே ஆள் கொடுத்தால் அவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள்.