காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் எந்தத் தேன்பெட்டி?

சின்ன நிலத்தில் காய்கறி போடுகிறவர்களுக்கு இரண்டு மூன்று போகம் பார்த்த பிறகு ஓர் ஆசை வரும்: மூலையில் ஒரு தேன்பெட்டி வைத்தால் என்ன? பிஞ்சும் நன்றாகப் பிடிக்கும், தேனும் கிடைக்கும். ஆசை நியாயமானதுதான். ஆனால் எந்தப் பெட்டி என்று விசாரித்தால், எதில் தேன் அதிகம், எதில் எடுப்பது சுலபம் என்றே பேச்சு போகும். தோட்டக்காரர் கேட்க வேண்டியது அதுவல்ல. நாற்று நடவும் களையெடுப்பும் நம்மைப் பிடித்து வாட்டும் அதே வாரங்களில்தான் தேனீக்களும் வேலை வைக்கும். அந்த வாரங்களில் எந்தப் பெட்டி நம் நேரத்தையும் முதுகையும் குறைவாகக் கேட்கிறது? இந்த அலசல் முழுக்க அந்தக் கணக்கில்தான்.

களத்தில் மூன்று பெட்டிகள்: லாங்ஸ்ட்ராத், டாப் பார், வாரே. நாலாவதாகப் பேசப்படாத ஒரு வழியும் உண்டு. பெட்டியே வைக்காமல் இருப்பது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

பெட்டி இல்லாமலே நடக்குமா?

காய்ப்புக்காக மட்டும் என்றால், பெரும்பாலும் நடக்கும். தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் மூடிய குழாய் போன்ற பைகளுக்குள் இருக்கும். பூவைக் கவ்விப் பிடித்து உடலை அதிரவைக்கும் பம்பிள் தேனீயும் மரம் துளைக்கும் கருவண்டும்தான் அதை நன்றாக உதிர்க்கும். பெட்டியில் வளரும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தக்காளி காற்று ஆட்டினாலே ஓரளவு காய்த்துவிடும். பீன்ஸும் பட்டாணியும் பூ விரியும் முன்பே தம் வேலையைப் பெருமளவு முடித்துக்கொள்கின்றன. கீரை, முள்ளங்கி, கேரட் ஆகியவற்றை விதைக்கு விட்டால் தவிர பூச்சியே தேவையில்லை.

மிச்சம் இருப்பவை பூசணி, வெள்ளரி, தர்பூசணி வகைகள். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால் யாராவது மகரந்தத்தைச் சுமந்து வந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். இங்கே தேனீ உண்மையாகவே உதவும். ஆனால் நம் பெட்டித் தேனீ நம் பாத்தியில்தான் மேயும் என்று எந்த ஒப்பந்தமும் கிடையாது. சாதாரணமாகவே இரண்டு மூன்று கிலோமீட்டர் பறந்து, எங்கே மதுரம் கொழிக்கிறதோ அங்கே போகும். தெருக்கோடியில் ஒரு மரம் பூத்துக் குலுங்கினால் நம் வெள்ளரிப் பூவை அது சீண்டாது.

ஆகவே காய்ப்பு மட்டுமே நோக்கம் என்றால், கொத்தாத கொஞ்சம் வெற்று மண், உள்ளே துளையுள்ள தண்டுகளின் கட்டு ஒன்று, ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பூ, இவை போதும். தனித்து வாழும் தேனீக்கள் தாமாக வந்து குடியேறும். செலவில்லை, கொட்டும் பயமும் குறைவு. தேனீ வளர்ப்பது தேனீக்காகத்தான் என்ற தெளிவோடு வருகிறவர்கள் மேலே படிக்கலாம்.

மூன்று பெட்டிகளும் எங்கிருந்து வந்தன?

அமெரிக்கப் பாதிரியார் லொரென்சோ லாங்ஸ்ட்ராத் 1851-இல் ஒன்றைக் கவனித்தார். ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை நடைபாதையாக வைத்துக்கொள்கின்றன. அதைவிடக் குறுகினால் பிசின் வைத்து அடைக்கின்றன. அகன்றால் அடை கட்டிவிடுகின்றன. அடை கட்டுவதற்காக உள்ளே தொங்கும், வெளியே எடுக்கக்கூடிய மரச் சட்டங்களைச் சுற்றி அந்த இடைவெளியை விட்டு அவர் செய்த பெட்டிக்கு 1852-இல் காப்புரிமை கிடைத்தது. தேனீக்கள் நேராக அடை கட்ட அடித்தளமாகும், அறை வடிவம் அச்சிட்ட மெழுகுத் தாளை 1857-இல் மேரிங்கும், அடையை உடைக்காமல் சுழற்றித் தேன் எடுக்கும் எந்திரத்தை 1865-இல் ஹ்ருஷ்காவும் கொண்டுவந்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இன்றைய தேனீ வளர்ப்பின் அடித்தளம். உயரம் கூட்ட வேண்டுமானால் அதே அளவில் இன்னொரு பெட்டியை மேலே வைக்க வேண்டியதுதான்.

டாப் பார் பெட்டி நீளமாகப் படுத்திருக்கும், தொட்டி மாதிரி. மேலே வரிசையாக மரப்பட்டைகள் மட்டும். ஒவ்வொரு பட்டையிலிருந்தும் தேனீக்கள் கீழ்நோக்கித் தாமே அடை கட்டித் தொங்கவிடும்; சுற்றிச் சட்டமோ உள்ளே தாளோ கிடையாது. மரத்தில் தொங்கும் மரக்குடைவுக் கூடுகளுக்கு மாற்றாக, கையில் கிடைக்கும் பலகையில் செய்துகொள்ளும்படி 1970-களில் கென்யாவில் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார்கள். யோசனை அதைவிடப் பழையது. கிரேக்கத்தில் பட்டைகள் வைத்த கூடைகளில் தேனீ வளர்ப்பதை ஓர் ஆங்கிலேயப் பயணி 1682-லேயே எழுதியிருக்கிறார்.

வாரே பெட்டி எமில் வாரே என்ற பிரெஞ்சுப் பாதிரியாருடையது. (தேனீ உலகத்தில் பாதிரியார்களுக்குப் பஞ்சமே இல்லை.) உள்ளே 30-க்கு 30 சென்டிமீட்டர், உயரம் 21. மரப்பொந்து போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு. தேனீக்கள் மேலிருந்து கீழே கட்டிக்கொண்டு வரும். புதுப் பெட்டியை அடியில் செருக வேண்டும். தேனை உச்சியிலிருந்து எடுக்க வேண்டும். உச்சியில் வைக்கோலோ மரத்தூளோ அடைத்த ஒரு மெத்தைப் பெட்டி. அதிகம் திறந்து பார்க்காதே, தேனீக்களை அவற்றின் போக்கில் விடு என்பதே இதன் கொள்கை.

பூக்காலத் தொடக்கம்: உண்மையான போட்டி இங்கேதான்

ஆண்டின் மற்ற மாதங்களில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுகூடச் சொல்லலாம். பூக்கள் பெருகத் தொடங்கும் அந்த ஏழெட்டு வாரங்கள்தான் சோதனை. முட்டை மளமளவென்று பெருகும், பெட்டி நிறையும், குடி பிரிந்து போகும் எண்ணம் தேனீக்களுக்கு வரும். பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

அறிகுறி என்ன? ராணி அறைகள். முட்டையிட்டு ஏறக்குறைய எட்டாம் நாள் அந்த அறைக்குத் தேனீக்கள் மூடி போடும். பதினாறாம் நாள் வாக்கில் புது ராணி வெளியே வரும். மூடி போட்ட கையோடு, வானிலை சரியாக இருந்தால், கூட்டம் கிளம்பிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் வாரத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்கிறார்கள். இது விருப்பத்துக்கு விட்ட விஷயமில்லை. பக்கத்துப் பாத்திக்காரரின் கொட்டகைக் கூரைக்குள் ஒரு கூட்டம் குடியேறினால், அப்புறம் யாருடைய தேனீ என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இந்த வாராந்தரச் சோதனையில் லாங்ஸ்ட்ராத் வேகமானது. சட்டத்தைத் தூக்கலாம், திருப்பலாம், சாய்த்து வெளிச்சத்தில் பார்க்கலாம், அடை விழாது. ஆனால் புழு வளரும் பெட்டிக்கு மேலே தேன் சேரும் பெட்டிகள் இருந்தால், ஒவ்வொரு முறையும் அவற்றை இறக்கிவைத்த பிறகுதான் உள்ளே போக முடியும். பத்துச் சட்டமுள்ள ஆழப் பெட்டி தேன் நிறைந்தால் 35 கிலோவைத் தாண்டும். காலையில் மண் கொத்திவிட்டு அதைத் தூக்கிப் பார்த்தால் புரியும்.

டாப் பார் பெட்டியில் எதையும் தூக்கி இறக்க வேண்டாம். இடுப்பளவு உயரத்தில் நின்றபடியே ஒரு பட்டையை நகர்த்தி, அதை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். மற்ற பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் கூட்டின் பெரும்பகுதி மூடியே இருக்கும், தேனீக்களும் அவ்வளவாகச் சினப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே முதுகுவலிக்காரர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு எதிர்ப்பே இல்லை. ஆனால் கை நிதானம் வேண்டும். அடை பட்டையில் மட்டுமே தொங்குகிறது. கொஞ்சம் சாய்த்தாலும், அதுவும் வெயிலில் மெழுகு இளகியிருக்கும்போது, புழுவும் தேனுமாக அறுந்து விழும். பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் கத்தியால் கீழிருந்து மேலாக அறுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அடை கோணலாக ஆரம்பித்தால் அடுத்தடுத்த அடைகளும் கோணலாகவே போகும்; முதல் சில வாரங்களில் அடிக்கடி பார்த்து நேராக்கிவிட வேண்டும்.

வாரேயில் இந்தச் சோதனையே ஏறக்குறைய இயலாது. அடைகள் சுவரோடு கட்டப்பட்டிருக்கும். ஆதரவாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: அடியில் முன்கூட்டியே இடம் கொடுத்துவிட்டால் குடி பிரியும் எண்ணம் குறையும். குறையலாம். நின்றுவிடாது. தவிர, அடியில் பெட்டி செருக வேண்டுமென்றால் மேலே இருக்கும் மொத்த அடுக்கையும் தூக்கியாக வேண்டும். வேலை குறைவு என்று பெயர் வாங்கிய பெட்டி, செய்யவேண்டிய அந்த ஒரு வேலைக்கு இரண்டு ஆட்களையோ ஒரு தூக்கியையோ கேட்கிறது. காட்டோரத்தில் தனியாக இருக்கிறவருக்கு இது சரிப்படலாம். அடுத்தடுத்துப் பாத்திகள், நடுவே குழந்தைகள் ஓடும் நிலத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேன் எடுக்கும்போது

அளவு என்று பார்த்தால் லாங்ஸ்ட்ராத்தை மற்றவை நெருங்காது. மூடியைச் சீவி, சுழற்றி, காலி அடையைத் திருப்பி வைத்துவிடலாம். தேனீக்கள் மறுநாளே நிரப்ப ஆரம்பித்துவிடும். மற்ற இரண்டிலும் அடையை அறுத்து, பிசைந்து, வடிகட்ட வேண்டும். அடுத்த முறை தேனீக்கள் மெழுகு சுரந்து புதிதாகக் கட்டியாக வேண்டும். ஒரு கிலோ மெழுகுக்குப் பல கிலோ தேன் கரையும் என்பதால் விளைச்சல் குறைவது இயல்பு.

இருந்தாலும் சுழற்றும் எந்திரம் ஒரு மூலையை அடைத்துக்கொள்ளும், ஆண்டில் இரண்டு மூன்று நாள்தான் வேலை. டாப் பாரில் பழுத்த அடை ஒன்றை மட்டும் வேண்டும்போது எடுத்து, ஒரு பாத்திரமும் துணியும் வைத்து வேலையை முடிக்கலாம். வீட்டுக்கு நாலைந்து குப்பி போதும் என்கிறவருக்கு இதில் என்ன குறை? எந்தப் பெட்டியானாலும், அறைகளுக்குப் பெருமளவு மூடி போட்ட அடையை மட்டுமே எடுக்க வேண்டும். நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேன் புளித்துவிடும்.

பூ இல்லாத மாதங்கள்

குளிர் கடுமையான இடங்களில் தேனீக்கள் பந்தாகத் திரண்டு, தேனைத் தின்று சூடு உண்டாக்கிக்கொண்டு, மெதுவாக மேலே நகரும். லாங்ஸ்ட்ராத்திலும் வாரேயிலும் தேன் தலைக்கு மேலே இருப்பதால் சிக்கல் குறைவு. வாரேயின் மெத்தைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் குளிர்த்துளி தேனீக்கள் மேல் சொட்டாது. இந்தப் போட்டியில் வாரே தெளிவாக ஜெயிக்கிற இடம் இது. லாங்ஸ்ட்ராத்காரர்கள், ராணி மேலே தேன் பெட்டிக்குப் போகாமல் தடுக்க வைக்கும் தகட்டை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கூட்டம் தேனைத் தேடி மேலே போக, ராணி கீழே தனியாகச் சாகும்.

டாப் பாரில் தேன் பக்கவாட்டில் இருக்கிறது. கூட்டம் நடுவில் இருந்தால் ஒரு பக்கமாகத் தின்றுகொண்டே போய்ச் சுவரை முட்டி, மறுபக்கம் தேன் இருந்தும் பட்டினியால் மடியக்கூடும். குளிர் வருமுன் புழு அடைகளை ஒரு முனைக்கும், தேன் அடைகளை எல்லாம் மறு பக்கத்துக்கும் ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது.

குளிரே இல்லாத இடங்களில் பஞ்சம் கோடையிலோ தொடர்மழையிலோ வரும். அங்கே பெரிய எதிரி மெழுகு அந்துப்பூச்சி. தேனீக்கள் காவல் காக்க முடியாத காலி அடைகளில்தான் அது முட்டையிடும். ஆகவே கூட்டம் சுருங்கும்போது பெட்டியையும் சுருக்க வேண்டும். டாப் பாரில் தடுப்புப் பலகையை நகர்த்தினால் ஒரு நிமிட வேலை. மற்ற இரண்டிலும் அடுக்கைக் கழற்ற வேண்டும்.

உண்ணி என்ற நடுவர்

வர்ரோவா உண்ணி வந்துவிட்ட இடங்களில் எல்லாக் கொள்கைகளும் அதன் முன்னால் தேர்வு எழுதியாக வேண்டும். மூடிய புழு அறைக்குள் பெருகி, நோய்க்கிருமிகளையும் பரப்பும் இது, ஐரோப்பியத் தேனீக் கூட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் அழித்துவிடும். எண்ணிப் பார்க்கவும் மருந்து வைக்கவும் அடையை வெளியே எடுக்க முடிய வேண்டும். மருந்துகளின் அளவும் பெரும்பாலும் லாங்ஸ்ட்ராத் போன்ற சட்டப் பெட்டிகளுக்கே குறிக்கப்பட்டிருக்கும். டாப் பார்காரர் அடையை எண்ணி அளவைக் கணக்கிட வேண்டும். வாரே இங்கே நிச்சயம் பின்தங்குகிறது. நோய்ச் சோதனைக்காக, எடுத்துப் பார்க்கக்கூடிய அடைகள் இருக்க வேண்டும் என்று சட்டமே உள்ள நாடுகளும் உண்டு. வாரே வாங்குமுன் அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

சரி, எதை வாங்குவது?

முதல் முறை வளர்க்கிறவருக்கு என் ஓட்டு லாங்ஸ்ட்ராத்துக்கு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: எல்லாப் பெட்டியும் ஒரே உயரத்தில், ஆழம் குறைந்ததாக, எட்டுச் சட்டம் கொண்டதாக இருக்கட்டும். தேன் நிறைந்தாலும் ஒன்று சுமார் 20 கிலோதான். எந்தச் சட்டமும் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். கூட்டம் தளர்ந்துபோனால் பக்கத்தில் வளர்ப்பவரிடம் ஒரு புழுச் சட்டம் கேட்கலாம். அவருடையது வேறு அளவு என்றால் அந்த உதவி கிடைக்காது. அதனால் வாங்குமுன் அக்கம்பக்கத்தில் என்ன அளவு புழங்குகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் என் நிபந்தனையைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கனம் தூக்க முடியாதவர், மரவேலை தெரிந்தவர், தினமும் தோட்டத்துக்கு வருகிறவர் என்றால் டாப் பார். வாரத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும் என்கிறவருக்கு அது ஒத்துவராது, தொடக்கத்தில் அடை நேராக்கும் வேலை அவரைப் படுத்திவிடும். வாரேயை, வேறொரு பெட்டியில் சில ஆண்டுகள் தேனீயைப் புரிந்துகொண்டவர் விளையாட்டாக வைத்துப் பார்க்கலாம்.

எதை வைத்தாலும் வாசல் நடைபாதையைப் பார்க்கக் கூடாது. வாசலுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கொடிப்பந்தலோ வேலியோ இருந்தால் தேனீக்கள் எழும்பித் தலைக்கு மேலே பறந்து போகும்; அவரைக் கொடி அதற்குப் போதும். பக்கத்திலேயே கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டு ஒன்று, பெட்டி வந்த நாளிலிருந்தே. ஒரு முறை அடுத்தவர் தொட்டித் தண்ணீருக்குப் பழகிவிட்டால் பிறகு திருப்புவது கஷ்டம்.