இடிசி சப்போர்ட்: வென்டரா, சிஆர்ஓவா, சொந்த டீமா?

கிளினிக்கல் ட்ரையல் டேட்டாவைப் பதிவு செய்யும் மென்பொருளாக (இடிசி) ரேவ் வாங்கலாமா, வீவாவா, ஓப்பன்கிளினிகாவா, ரெட்கேப்பே போதுமா என்று டெமோ மேல் டெமோ பார்ப்பவர்கள், வாங்கிய பிறகு அதை ஓட்ட யார் கூட இருப்பார்கள் என்பதைக் கடைசி வாரத்தில்தான் யோசிக்கிறார்கள். நான் பார்த்தவரை ட்ரையலை ஆட்டிவைப்பது இந்த இரண்டாவது விஷயம்தான். வழிகள் மூன்று: மென்பொருள் நிறுவனமே (வென்டர்) தரும் சப்போர்ட், ட்ரையலை ஒப்பந்தத்தில் நடத்தித் தரும் நிறுவனமான சிஆர்ஓவின் டேட்டா மேனேஜ்மெண்ட் டீம், நம் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு டீம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ட்ரையலில் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனைக்கு எடிட் செக், அதாவது எல்லை தாண்டிய எண் வந்தால் கேள்வி எழுப்பும் விதி, 0.5 முதல் 1.5 வரை என்று வைத்திருந்தோம், மில்லிகிராம் கணக்கில். ஒரு சைட்டின் (ட்ரையல் நடக்கும் மருத்துவமனை) லேப் மட்டும் மைக்ரோமோலில் ரிப்போர்ட் தருகிறது, நம் கணக்கில் 1.0 என்றால் அவர்கள் தாளில் 88.4. ஒவ்வொரு விசிட்டுக்கும் ஒரு க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, எழும்பியது. அந்த சைட்டின் கோ-ஆர்டினேட்டர் வென்டர் ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதினார், ‘சிஸ்டம் ஸ்பெசிஃபிகேஷன்படி சரியாகவே இயங்குகிறது’ என்று பதில் வந்து டிக்கெட் மூடப்பட்டது. அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை! ஆனால் பாவம், நோயாளிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண், கால்குலேட்டரில் வகுத்து வகுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். லேப் தாளில் 88, இசிஆர்எஃப் என்ற மின்னணுப் படிவத்தில் 1. சைட்டின் பதிவுகளைச் சரிபார்க்கும் மானிட்டர் வந்து சோர்ஸோடு (மூல ஆவணம்) ஒப்பிட்டபோது வரிசையாக எல்லாமே முரண்பாடு. யூனிட்டுக்கு ஒரு கட்டம் சேர்த்திருந்தால் முடிந்திருக்கும், அதைச் சொல்ல வேண்டிய ஆள் அந்த ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

வென்டர் சப்போர்ட்டின் எல்லை அதுதான். மென்பொருளை அவர்களுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும், நம் புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) தெரியாது. பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும், நடுராத்திரியில் நோயாளியை எந்தச் சிகிச்சைக் குழுவில் சேர்ப்பது என்று குலுக்கும் ரேண்டமைசேஷன் திரை திறக்கவில்லை, சர்வர் இறங்கிவிட்டது என்றால் இவர்களை மிஞ்ச ஆளில்லை, பல நாடுகளில் சைட் இருந்தால் 24 மணி நேர ஹெல்ப்டெஸ்க் கட்டாயம் வேண்டும்.

சிஆர்ஓ டீமில் டேட்டா மேனேஜர் ஒருவர் வாராவாரம் க்வெரி பட்டியலைப் பார்ப்பார். ஒரே சைட்டில் ஒரே ஃபீல்டுக்கு 20 க்வெரி என்றால் அவர் கண்ணில் படும். மருத்துவச் சொற்களின் அகராதியான மெட்ராவின் புதிய பதிப்பு வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருகிறது, அதற்கு மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது, எஸ்ஏஇ (கடுமையான பாதக நிகழ்வு) கணக்கை சேஃப்டி டேட்டாபேஸோடு சரிபார்ப்பது, டேட்டாவை இறுதியாகப் பூட்டும் டேட்டாபேஸ் லாக்குக்கு முந்தைய அந்தக் கடைசி வாரங்களின் ஓட்டம், இதிலெல்லாம் இவர்கள்தான் முன்னால். குறை எங்கே என்றால், எதைத் தொட்டாலும் சேஞ்ச் ஆர்டர், அதாவது ஒப்பந்தத்தில் தனியாக ஒரு மாற்றம். அதைவிடப் பெரிய வலி, ஸ்டடியைக் கட்டிய ஆள் பாதியில் வேறு புராஜெக்டுக்குப் போய்விட, புதிதாக வந்தவருக்கு நாமே புரோட்டோகால் பாடம் எடுப்பது. அப்புறம் ஒன்று, வேலையை சிஆர்ஓவிடம் கொடுத்தாலும் டேட்டாவின் தரத்துக்கான இறுதிப் பொறுப்பு ட்ரையலுக்குச் சொந்தக்காரரான ஸ்பான்சருடையதுதான் என்று ட்ரையல்களுக்கான சர்வதேச வழிகாட்டி ஐசிஎச் ஈ6 தெளிவாகவே சொல்கிறது.

சொந்த டீம் என்றால் பெரும்பாலும் ரெட்கேப். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் தொடங்கியது, லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு லைசென்ஸ் இலவசம். சப்போர்ட் அதோடு சேர்ந்து வராது, உங்கள் நிறுவனத்தின் அட்மின்தான் உங்கள் ஹெல்ப்டெஸ்க். ஓபன் சோர்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் இல்லை. அமெரிக்க எஃப்டிஏவுக்குப் போகும் ட்ரையல் என்றால் மின்னணுப் பதிவுகளுக்கான 1997-ன் விதி 21 சிஎஃப்ஆர் பார்ட் 11-க்கு ஏற்ப வேலிடேஷன் (சரியாக இயங்குகிறதா என்ற சோதனை) செய்து ஆவணம் வைக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

ஆனால் கிரியாட்டினின் மாதிரி ஒரு சிக்கல் வந்தால் எதிர் மேசையில் இருப்பவரிடம் போய்ச் சொன்னால் போதும், அந்த வாரமே சரியாகிவிடும். அந்த வேகத்திலேயே ஆபத்தும் உண்டு. புரொடக்‌ஷனுக்குப் போன ரெட்கேப் புராஜெக்டில் மாற்றங்களை டிராஃப்ட் மோடில்தான் செய்ய முடியும், அது நல்ல தடுப்பு. அதையும் தாண்டி யாராவது அவசரத்தில் ‘1 ஆம், 2 இல்லை’ என்று இருந்த கோடைத் திருப்பிப் போட்டு அதற்கு ஒப்புதலும் கிடைத்துவிட்டால், ஏற்கெனவே ‘ஆம்’ என்று பதிவானவர்கள் எல்லாம் ‘இல்லை’ ஆகிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்கும் அனுபவம் உள்ள அட்மின் ஒரே ஒருவர், அவர் லீவில் என்றால்?

என் தேர்வு இதுதான். ஒரே மையத்தில் நடக்கும் கல்விசார் ஆய்வு என்றால் தயங்காமல் சொந்த டீம், ஆனால் அட்மின் குறைந்தது இரண்டு பேர். பல சைட்டுகள், ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கும் ட்ரையல் என்றால் சிஆர்ஓ, கூடவே நம் பக்கத்தில் க்வெரிகளைத் தினமும் திறந்து பார்க்கும் ஒரு டேட்டா மேனேஜர். வென்டரிடம் ஹோஸ்டிங்கும் ஹெல்ப்டெஸ்க்கும் மட்டும். சிறிய பயோடெக் நிறுவனங்கள் எல்லாவற்றையும் வென்டரிடமே கொடுத்துவிட்டுத் தவிப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

யாரைத் தேர்ந்தாலும் பேசும்போதே கேட்க வேண்டியது அமெண்ட்மெண்ட், அதாவது புரோட்டோகால் திருத்தம், பற்றி. நடுவழியில் ஒரு விசிட் கூடுகிறது, ஸ்பெக் யார் எழுதுவார்கள், யூஏடி (பயனர் சோதனை) யார் செய்வார்கள், ஏற்கெனவே சேர்ந்த நோயாளிகளின் படிவங்கள் புதிய பதிப்புக்கு எப்படி மாறும், அதுவரை சைட்டுகள் என்ன செய்யும்? மழுப்பினால் அடுத்தவரிடம் போங்கள். அதோடு, சைட்டின் இசிஆர்எஃப் டேட்டா ஸ்பான்சரின் முழுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருக்கக்கூடாது என்பது ஐசிஎச் ஈ6-ன் 2016 ஆர்2 திருத்தத்திலேயே வந்துவிட்டது, அதனால் ட்ரையல் முடிந்ததும் ஒவ்வொரு சைட்டுக்கும் அதன் காப்பி எந்த வடிவத்தில் போகும் என்று கேளுங்கள். ஒரு மாதிரி நோயாளியின் முழு ரெக்கார்டையும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற ஆடிட் ட்ரெயிலோடு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே.