நெல்லுக்குக் கடன்: சங்கமா, வங்கியா, செங்குன்றம் முன்பணமா?

வடசென்னையைத் தாண்டிச் சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நெல் வைப்பவருக்குப் பயிர்ச் செலவுக்குப் பணம் வரும் வழி மூன்று. ஊர்க் கூட்டுறவு கடன் சங்கம், வங்கியின் கிசான் கார்டு (விவசாயிகளுக்கான கடன் அட்டை), செங்குன்றம் அரிசி ஆலை வட்டாரத்துத் தரகர் தரும் முன்பணம். வட்டியை மட்டும் பார்த்தால் இந்த அலசல் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அறுத்த நெல் யார் லாரியில் ஏறும் என்பதையும் வாங்கிய கடன்தான் முடிவு செய்கிறது.

முதலில் கணக்கு. இரண்டு ஏக்கருக்கு 60,000 ரூபாய், ஆறு மாதம். சங்கத்தில் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. அதை அரசு ஏற்கிறது. கிசான் கார்டில் 7 சதவீதம், அதாவது 2,100 ரூபாய். நாள் தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி, அப்போது 1,200தான். தரகர் வட்டி என்று எதுவும் கேட்பதில்லை, அறுத்த நெல்லைத் தானே எடுத்து விலையில் பிடிக்கிறார். ஏக்கருக்கு 22 குவிண்டால் விளைந்து, குவிண்டாலுக்கு 150 ரூபாய் குறைத்து எடுத்தால் 6,600 ரூபாய் போகிறது. மண்டி மூட்டைக்கும் அரசுக் கொள்முதலின் 40 கிலோ மூட்டைக்கும் எடை வேறு. குவிண்டாலுக்கு மாற்றிப் பார்க்காமல் விலை பேசுபவருக்கு இந்தப் பிடித்தம் கண்ணிலேயே படாது.

சங்கக் கடனுக்குச் சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் (அந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற பதிவு), ஆதார், பாஸ்புக், போட்டோ, ஒரு ஜாமீன்தாரர், வேறிடத்தில் பயிர்க்கடன் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். உங்கள் கிராமம் எந்தச் சங்க எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் உறுப்பினராக முடியும். (1904இல் சென்னை மாகாணத்தின் முதல் வேளாண் கடன் சங்கம் தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில்தான். அந்தப் பெருமைக்காகக் கோப்பு வேகமாக நகர்ந்துவிடாது.) கடனில் ஒரு பகுதி உரமாகவும் வரும். சிக்கல், அது வந்து சேரும் காலத்தில்தான். டிஏபி கடைசி உழவிலேயே விழவேண்டிய உரம். ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை, 1,350 ரூபாய். நட்டு மூன்று வாரம் கழித்துக் கடன் வந்தால் அதற்குள் டிஏபியைக் கடையில் கடனுக்கு எடுத்திருப்பார்கள். வட்டியில்லாப் பணம் அந்தக் கடைப் பாக்கியை அடைக்கத்தான் போகும். ஆவணி நடவுக்கு ஆடி தொடக்கத்திலேயே மனு கொடுத்துவிடுவது நல்லது.

இன்னொரு பொறி தவணை நாள். ஒரு நாள் தவறினாலும் வட்டிச் சலுகை போய், கடன் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஏறும். அதனால் கடைசி வாரத்தில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியே வாங்கிச் சங்கத்தில் கட்டி, மறுபடி கடன் எடுப்பவர்கள் உண்டு. எடுப்பது இரண்டு நாளில் நடந்தால் தப்பினார்கள். ஒரு மாதம் இழுத்தால் 60,000க்கு 1,800 ரூபாய் கரைந்துவிடும், வட்டியில்லாக் கடன் வங்கிக் கடனை விட விலை கூடியதாகிவிடும்.

தள்ளுபடியை நம்பித் தவணையை விடுவது சூதாட்டம். 2006, 2016, 2021 என மூன்று முறை மாநில அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது உண்மை. 2021இல் மட்டும் 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி ரூபாய். அடுத்தது எப்போது என்று யாரும் எழுதித் தரவில்லை. அதுவரை தவணை தவறியவருக்குப் புதுக் கடனும் கிடைக்காது.

கிசான் கார்டின் பலம் வேறு. ஏக்கருக்கு மாவட்டக் குழு வகுத்த கடன் அளவு 30,000 என்று வைத்தால், இரண்டு ஏக்கருக்கு 60,000. அதோடு வீட்டுச் செலவுக்கு 10 சதவீதம், கருவி பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்ந்து 78,000 வரம்பு. ஐந்து வருடத்துக்கு ஒரே மனு. ஆண்டுதோறும் பரிசீலனை மட்டும். உழவுக்கு 10,000, நடவுக்கு 15,000 என்று எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நகையைக் கேட்டால், அந்த வரம்புக்குள் நகை கொடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயமில்லை என்று தெளிவாகச் சொல்லலாம். வேறு கடனில் கெட்டுப்போன சிபில் மதிப்பெண் இங்கேதான் காலை வாரும்.

அப்படியிருந்தும் தரகரிடம் ஏன் போகிறார்கள்? அவர் சிட்டா கேட்பதில்லை, ஒரு போனில் பணம் வரும், பனியில் அறுத்த ஈர நெல்லையும் தூக்கிப்போவார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். காயவைக்கக் களம் இல்லாதவருக்கு, சன்ன ரகத்துக்கு அரசு தரும் விலை (2025-26இல் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய்) எட்டாததுதான். சங்கத்திலோ வங்கியிலோ வாங்கியவருக்குக் களமும் தார்ப்பாயும் இருந்தால் நாலு நாள் காயவைத்து விற்கலாம். முன்பணம் வாங்கியவர் களம் இருந்தும் காத்திருக்க முடியாது.

சொந்தப் பட்டா, களம், ஆடியில் மனு: இந்த மூன்றும் இருந்தால் சங்கம்தான். பணம் தவணை தவணையாகத் தேவைப்படுபவருக்கும் மாட்டுத் தீவனம், மோட்டார் பழுது என்று செலவு வைத்திருப்பவருக்கும் கார்டு மேல். இரண்டிலும் ஒரே நிலத்துக்கு வாங்க நினைக்காதீர்கள்.

குத்தகைக்காரருக்கு இந்த ஒப்பீடே பாதிதான் பொருந்தும். மனை விலை ஏறிய இந்தப் பகுதியில் நிலக்காரர் அடங்கலில் குத்தகைக்காரர் பெயர் ஏறவிடுவதில்லை. பின்னால் உரிமை கேட்பாரோ என்ற பயம். நான்கு முதல் பத்துப் பேர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்தால் ஈடில்லாமல் வங்கிக் கடன் வாங்க வழி உண்டு. ஒருவர் தவறினால் மற்றவர்கள் தலையில் விழும். தந்தை பெயரிலேயே கிடக்கும் கூட்டுப் பட்டாவுக்கும் ஏறக்குறைய இதே கதி. வாரிசுச் சான்றும் பட்டா மாற்றமும் சித்திரையிலேயே தொடங்கினால்தான் சம்பாவுக்குக் கைகொடுக்கும்.

கார்த்திகை வெள்ளம் வந்தால் வித்தியாசம் இன்னும் துலங்கும். பயிர்ச் சேதம் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று அறிவிக்கப்பட்டால் வங்கி, கூட்டுறவுக் கடன்களைத் தவணை நீட்டித்து மாற்றியமைக்கலாம். சேதம் பாதிக்கு மேல் போனால் ஐந்து வருடம் வரை. பயிர்க் காப்பீடு 2020 காரிப் பருவத்திலிருந்து கடன்காரருக்கும் கட்டாயமில்லை. சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடனோடு அது பிடிக்கப்பட்டதா என்று ரசீதில் பாருங்கள். தரகர் முன்பணத்தில் தவணை நீட்டிப்பும் கிடையாது, கடனோடு சேர்ந்த காப்பீடும் கிடையாது. வெள்ளத்தில் போன நெல்லுக்கான பாக்கி அடுத்த நவரைப் பருவ நெல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.