ஸ்டெல்லேரியம்: செய்யுள், புராணம், அறிவியல் மூன்றுக்கும் ஒரே கரும்பலகை

பள்ளிக்கூடத்தில் செய்யுளுக்கு ஒரு பிரிவேளை, அறிவியலுக்கு ஒரு பிரிவேளை. புராணக் கதைகள் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ வந்து போகும். வானத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. அதைக் கண்ணெதிரே காட்டக்கூடிய பொருள் ஒன்று வேண்டும் என்றால், இன்று கிடைப்பவற்றில் முதலில் எடுக்க வேண்டியது ஸ்டெல்லேரியம். எந்த ஊரில், எந்த நாளில், எந்த நேரத்தில் வானம் எப்படி இருக்கும், எப்படி இருந்தது என்று திரையில் வரைந்து காட்டும் கணினி மென்பொருள் இது. ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000இல் தொடங்கிய திட்டம், 1.0 பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. கைபேசிச் செயலி தனிச் சரக்கு. அதன் பிளஸ் பதிப்புக்குக் காசு கட்ட வேண்டும். இங்கே பேசுவது கணினிப் பதிப்பைப் பற்றி மட்டும்.

நட்சத்திரம் அழகாகத் தெரிகிறதா என்பது இந்த மாதிரி மென்பொருளுக்குச் சோதனையே அல்ல. எல்லாவற்றிலும் அழகாகத்தான் தெரியும். பாடலில் உள்ள ஒரு வானத்தைக் கொடுத்து, அது வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் புறநானூற்றின் 229ஆம் பாடலை விடக் கடுமையான வினாத்தாள் கிடையாது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது. பங்குனி முதற் பாதி, நடுராத்திரி, வானத்திலிருந்து ஒரு மீன் விழுகிறது. அந்த நேரத்தைப் புலவர் மூன்று நட்சத்திரங்களை வைத்துக் குறிக்கிறார்: ‘தலைநாண்மீன் நிலைதிரிய, நிலைநாண்மீன் அதன்எதிர் ஏர்தர, தொன்னாண்மீன் துறைபடிய’. பழைய உரைப்படி உச்சியில் இருந்து சாய்வது உத்தரம், கிழக்கே எழுவது மூலம், மேற்கே இறங்குவது மிருகசீரிடம். உத்தரத்திலிருந்து எண்ணினால் எட்டாவது மூலம். மிருகசீரிடத்திலிருந்து எண்ணினால் எட்டாவது உத்தரம்.

இதைத் திரையில் கொண்டுவர ஐந்து நிமிடம் போதும். எஃப்6 அழுத்தி ஊரை மதுரை என்று வையுங்கள். எஃப்5 அழுத்தித் தேதியை மார்ச் 20 விடிந்தால் 21 என்ற இரவுக்கும், நேரத்தை 12 மணிக்கும் கொண்டுபோங்கள். அரைப்புள்ளி விசையைத் தட்டினால் வடக்கு தெற்காக உச்சிக்கோடு வரும். அடுத்து எஃப்3, அதாவது தேடல். நட்சத்திரங்களின் அரபுப் பெயர்களை எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்வதில் பிள்ளைகள் திணறுவார்கள். அதைவிட, நட்சத்திரங்களுக்கு எண் கொடுத்திருக்கும் ஹிப்பார்க்கஸ் பட்டியலின் எண்ணைக் கொடுப்பது மேல். எச்.ஐ.பி. என்ற மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும் கொடுத்தால் போதும், பிழையே வராது. உத்தரம் 57632, மூலம் 85927, மிருகசீரிடம் 26207. எல் விசையை இரண்டு மூன்று முறை தட்டி நேரத்தை மெல்ல ஓட விடுங்கள். 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி மிருகசீரிடம் மேற்கே அமிழும். கால் மணிவாக்கில் உத்தரம் உச்சிக்கோட்டைக் கடக்கும். அரை மணி ஆவதற்குள் மூலம் தென்கிழக்கே தலை காட்டும். மூன்றும் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கே விசையைத் தட்டினால் ஓட்டம் நின்று சாதாரண வேகத்துக்கு வரும். திரையைப் பார்த்துக்கொண்டே அந்த மூன்று அடிகளை வாய்விட்டுப் படியுங்கள். மனப்பாடப் பகுதியாக இருந்தது வானத்தில் நடக்கும்.

இப்போது ஆண்டை மட்டும் கி.பி. 100 என்று மாற்றுங்கள். அதே மூன்று நிகழ்வும் இன்னும் நெருக்கமாக, ஏறக்குறைய கால் மணி நேரத்தில் நடக்கும். ஆனால் நள்ளிரவில் அவை நடக்கும் தேதி மார்ச் 20 அல்ல, பிப்ரவரி 20 வாக்கில். இங்கேதான் அறிவியல் பாடம் தானாக உள்ளே வருகிறது. பூமியின் அச்சு பம்பரத்தின் தலை மாதிரி சுற்றி வர ஏறக்குறைய 26,000 ஆண்டு ஆகிறது. ஆங்கில நாட்காட்டி பருவத்தைப் பிடித்துக்கொண்டு போவதால், நட்சத்திரங்கள் அதில் நகர்ந்துபோய்விட்டன. தமிழ் மாதமோ நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போவது. அன்றைய அந்த நாளும் பங்குனி, இன்றைய மார்ச் 20உம் பங்குனி. பாடலின் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. அயனச் சலனம் எனப்படும் இந்த நகர்வை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பயிற்சி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

பழைய ஆண்டுக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. கடிகாரம் காட்டும் எண்ணை அங்கே பிடித்துக்கொள்ளாதீர்கள். இந்திய நேரம் என்ற ஒன்றே அப்போது இல்லை. சூரியன் மறையும் நேரத்தையும் உதிக்கும் நேரத்தையும் ஓட்டிப் பார்த்து, நடுவில் வருவதை நள்ளிரவாக எடுங்கள். 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 என்று தாவும், அதற்கு முந்தியவை பழைய ஜூலியன் நாட்காட்டியின் தேதிகள். கி.மு. ஆண்டுகளில் இன்னொரு பள்ளம் இருக்கிறது: மென்பொருளில் 0 என்ற ஆண்டு உண்டு, அதுதான் கி.மு. 1. ஆகவே கி.மு. 100 வேண்டும் என்றால் கழித்தல் 99 என்று கொடுக்க வேண்டும். கழித்தல் 100 கொடுத்துவிட்டு ‘நிலா பொருந்தவில்லையே’ என்று தவிப்பது வழக்கமாக நடக்கும் தவறு.

புராணத்துக்கு வருவோம். புறநானூற்று வானத்தை நிறுத்தி வைத்தபடியே சி விசையையும் ஆர் விசையையும் தட்டுங்கள். விண்மீன் குழுக்களின் கோடுகளும் ஓவியங்களும் வரும். மேற்கே அமிழும் மிருகசீரிடம் கிரேக்க வேடன் ஓரியனின் தலை. கிழக்கே எழும் மூலம் தேளின் கொடுக்கு. உலகத்து விலங்குகளை எல்லாம் கொன்றுவிடுவேன் என்று ஓரியன் இறுமாந்தான், பூமித்தாய் கையா ஒரு தேளை அனுப்பினாள், அது கொட்டி அவன் இறந்தான், இருவரையும் வானில் எதிரெதிரே வைத்தார்கள், அதனால்தான் தேள் எழும்போது வேடன் ஓடி மறைகிறான் என்பது கதை. கூடலூர் கிழார் இரவின் நேரத்தைச் சொல்லப் பிடித்த அதே ஜோடியைத்தான் கிரேக்கர்கள் கொலைக் கதைக்குப் பிடித்திருக்கிறார்கள்! ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத வேண்டிய தேவையே இல்லை. மேலே இருக்கும் வானம் ஒன்றுதான்.

ஆனால் ஊர் மாறினால் கதையின் கூர்மையும் மாறும். தேளின் நெஞ்சில் உள்ள செந்நிற அன்டாரஸ், அதாவது கேட்டை, மதுரையில் எழுந்து ஒன்றேகால் மணி நேரம் வரை ஓரியனின் தோளில் உள்ள திருவாதிரை மேற்கே நின்றுகொண்டிருக்கும். வேடனும் தேளும் ஒருவரை ஒருவர் நன்றாகவே பார்க்கலாம். எஃப்6இல் ஏதென்ஸ் என்று மாற்றுங்கள். இந்த இடைவெளி அரை மணிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் கதை ஏன் அங்கே பிறந்தது என்பதற்கு அட்சரேகை ஒரு காரணம் சொல்கிறது. உலகப் புராணங்கள் என்று தலைப்பு போட்டு இருபது கதைகளைச் சுருக்கமாகச் சொல்வதை விட, இந்த ஒரு ஒப்பீடு வகுப்பறையில் அதிகம் நிற்கும்.

நம் பக்கத்துக் கதைகளுக்கு எஃப்4 சாளரத்தில் வான்மரபுகள் என்ற தாவல் இருக்கிறது. சீனம், ஹவாய் எனப் பல மரபுகளோடு இந்திய மரபும் உண்டு. குறை இங்கேதான். பெயர்கள் சமஸ்கிருத வடிவத்தில் வரும். அறுமீன், சகடு, முடப்பனை, கடைக்குளம் என்று நம் இலக்கியம் வைத்திருக்கும் பெயர்களை எதிர்பார்க்காதீர்கள். இடைமுகத்துக்குத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் மொழிபெயர்ப்பு எல்லாப் பக்கத்திலும் சீராக இல்லை. விசைகளை ஆங்கிலத்தில் பழகிக்கொண்டு, பெயர்களைக் கரும்பலகையில் தமிழில் எழுதிக்கொள்வதே இப்போதைக்கு நடைமுறை. தமிழ் வானியல் பெயர்களை ஒரு வான்மரபாகத் தொகுத்துச் சேர்க்கும் வேலையை நம் ஆசிரியர்களும் நிரலாளர்களும் சேர்ந்து எடுத்துக்கொண்டால் அது பெரிய கொடை.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி மணத்தன்று ‘வானூர் மதியஞ் சகடணைய’ என்று வரும். சகடு என்பது உரோகிணி, எண் 21421. நிலாவைச் சொடுக்கி, சமக்குறி விசையை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு நாள் நகரும். நிலா நாளுக்கு ஏறக்குறைய 13 பாகை போகும், அதனால்தான் 27 நட்சத்திரம். ஆனால் 2025இன் கடைசியில் வைத்துப் பார்த்தால் நிலா உரோகிணிக்கு ஏறக்குறைய 10 பாகை வடக்கே, இருபது நிலா அகலம் தள்ளிப் போவதைக் காண்பீர்கள். அதே பயிற்சியை 2016இல் செய்தால் மாதாமாதம் நிலா உரோகிணியை ஒட்டியே போகும், உலகின் சில பகுதிகளில் மறைக்கவும் மறைக்கும். நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்தது, அந்தச் சாய்வு 18.6 ஆண்டில் ஒரு சுற்று வருகிறது. ‘அணைய’ என்ற சொல் எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. அடுத்த அடியில் வரும் ‘சாலி ஒருமீன்’ அருந்ததி, எண் 65477. பக்கத்தில் வசிட்டர் 65378. இடைவெளி சுமார் 12 கலை, ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு. கல்யாணப் பந்தலில் காட்டும் அருந்ததி கண் நன்றாக உள்ளவர்களுக்கு வெறும் கண்ணுக்கே தெரியும்.

சுத்த அறிவியல் பாடத்துக்கு 1610 ஜனவரி 7 மாலை, இத்தாலியின் பாதுவா. வியாழனைத் தேடி, சாய்கோட்டு விசையால் நெருங்குங்கள். அன்று கலிலியோ குறித்தது கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று என மூன்று புள்ளிகள். திரையில் நான்கு நிலவுகள் இருக்கும். அவற்றில் இரண்டு ஒட்டிக்கொண்டு நிற்பதால் அவர் கருவிக்கு ஒன்றாகத் தெரிந்தது. ஒரு நாள் ஒரு நாளாக நகர்த்தி மாணவர்களையே வரைந்துவரச் சொல்லலாம்.

பெற்றோர்களிடமிருந்து தவறாமல் வரும் புகார் ஒன்று: ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், சூரியன் மேஷத்தில் அல்லவா இருக்க வேண்டும், மென்பொருள் மீனம் என்கிறதே? இரண்டும் சரி. ராசி என்பது சூரியனின் பாதையைச் சமமாக 30 பாகை வீதம் பன்னிரண்டாகப் பிரித்தது. மென்பொருள் காட்டுவது பன்னாட்டு வானியல் சங்கம் வகுத்து 1930இல் வெளியிட்ட 88 விண்மீன் குழுப் பகுதிகளின் எல்லைகள். அவற்றில் சூரியன் பதின்மூன்று பகுதிகளைக் கடக்கும், சமமாகவும் இருக்காது. வகுப்பில் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பஞ்சாங்கம் பொய்யா மென்பொருள் பொய்யா என்ற வீண் விவாதத்தில் நேரம் போகும்.

நிறுவியவுடன் மாற்ற வேண்டியவை சில. இணையத்தைப் பார்த்து ஊரைத் தானே கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தூத்துக்குடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சென்னையையோ மும்பையையோ எடுத்துக்கொள்ளும், மும்பை என்றால் உதயத்தில் பல நிமிடம் பிசகும். தொடக்கத்தில் வரும் நிலக்காட்சி பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்று. அதன் மரங்கள் அடிவானத்தை மறைப்பதால் உதயம், அஸ்தமனம் எதுவும் சரியாகப் பிடிபடாது. ஜி விசையால் நிலத்தை நீக்குங்கள் அல்லது கடல் காட்சிக்கு மாற்றுங்கள். பகலிலும் நட்சத்திரம் வேண்டுமென்றால் ஏ விசை வளிமண்டலத்தை எடுத்துவிடும். பள்ளிகளில் உள்ள பழைய விண்டோஸ் கணினிகளில் திறந்தவுடன் மூடிக்கொண்டால் அது வரைகலை இயக்கியின் கோளாறு; தொடக்கப் பட்டியலில் கூடவே நிறுவப்பட்டிருக்கும் மெசா வடிவத்தைத் திறந்து பாருங்கள். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்குக் கீழே ஆசிரியர் இயக்கி, பிள்ளைகள் பார்ப்பது நல்லது. விசைகள் அதிகம், ஒன்று தவறினால் வானம் தலைகீழாகும். எட்டு என்ற எண்ணைத் தட்டினால் எங்கே போயிருந்தாலும் இந்த நொடிக்குத் திரும்பிவிடும் என்பதை மட்டும் முதலில் சொல்லிக்கொடுங்கள்.

முதல் வாரப் பயிற்சியாக ஒன்று. அகத்தியர் விண்மீன், எண் 30438, உச்சிக்கோட்டைக் கடக்கும்போது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டெல்லியில் பாருங்கள்: 9 பாகையைத் தொடாது. சென்னையில் 24. பிப்ரவரி மாதத்து இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் தெற்கே பார்த்து நின்று, நீட்டிய கையின் முட்டியை 10 பாகையாக வைத்து அளந்தால் திரையில் வந்த 24 கிடைக்கும்.