பால்வினை நோய்ப் பிரிவும் நம்பிக்கை மையமும்: எங்கள் அனுபவம்

சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் சீழும் கண்டு, மருந்துக் கடையில் தானாகவே மாத்திரை வாங்கி விழுங்கிப் பத்து நாளை வீணாக்கிய பிறகே, குளச்சலில் விசைப்படகுக்குப் போகும் என் தம்பி வாய் திறந்தான். மறுநாளே அவனைக் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள ஓர் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன்.

கட்டணம் எதுவும் இல்லை. மருத்துவர் பார்த்த பின், செவிலியர் சாம்பல் நிற உறையைப் பிரித்து, அசித்ரோமைசின், செஃபிக்சிம் என்று பெயர் சொல்லிக் காட்டி, தம் கண்முன்னேயே விழுங்கச் செய்தார். அரைகுறை மருந்தால் வெட்டைநோய் (கொனோரியா) கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும் என்பதால், இதை மிகச் சரியான முறை என்பேன்.

அடுத்து, எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் நம்பிக்கை மையம். அவன் சம்மதம் பெற்றே எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகளுக்கு இரத்தம் எடுத்தார்கள். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, அறிகுறி இல்லாவிட்டாலும் மனைவிக்கும் சிகிச்சை அவசியம், இருவருக்கும் சிகிச்சை முடிந்து 7 நாள் வரை உறவு கூடாது, அண்மைத் தொற்று உடனே தெரியாது என்பதால் 3 மாதம் கழித்து எச்.ஐ.வி. சோதனையை மீண்டும் செய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்கி, ஆணுறைகளும் கொடுத்தார்.

ஒரே குறை, பொது நோயாளிகள் நடக்கும் வழியிலேயே காத்திருப்போர் பெஞ்சு. தம்பி தலை நிமிரவே இல்லை. தயங்குவோர் முதலில் 1097 என்ற கட்டணமில்லா தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.