‘கெட்’ என்ற வினைச்சொல்லை வைத்து ஓர் அகராதியைச் சோதித்தல்

ஆங்கிலம் கற்பவர்களுக்கு எந்த அகராதி நல்லது என்று கேட்டு வருபவர்களிடம், கடினமான சொல் எதையும் அதில் தேடிப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ‘கெட்’ (get) என்ற மூன்றெழுத்து வினைச்சொல்லுக்கு அது எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது, அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே போதும். இந்தச் சோதனையில் எனக்கு முழு நிறைவைத் தந்தது, 2020ஆம் ஆண்டில் பத்தாம் பதிப்பாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் மொழிபெயர்ப்புப் பயிற்சியைக் கொண்டுவந்து காட்டினாள். ‘ஷி காட் ஆங்ரி’ (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகால வடிவம்) என்ற தொடரை அவள் ‘அவள் கோபத்தைப் பெற்றாள்’ என்று எழுதியிருந்தாள். எழுதியதில் அவளுக்கே நிறைவில்லை. “யாருகிட்டேயிருந்து பெத்தா, அக்கா?” என்று கேட்டாள். அவளிடம் இருந்த கையடக்க ஆங்கில–தமிழ் அகராதியைப் புரட்டினேன். ‘பெறு, அடை, சம்பாதி’ என்ற மூன்று சொற்களோடு அந்தப் பதிவு முடிந்துவிட்டது. ‘அவளுக்குக் கோபம் வந்தது’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லத் தெரிந்த பெண்ணை, அந்த மூன்று சொற்கள் தன் தமிழையே மறக்கச் செய்திருந்தன.

ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் இதே சொல்லுக்குரிய பதிவு மிக நீளமானது. ஆனாலும் அதற்குள் வழி தவறுவதில்லை. பெறுதல், வாங்குதல், நோய், வந்து சேர்தல், புரிந்துகொள்ளுதல், பேருந்து முதலிய ஊர்திகளில் செல்லுதல் என்று பொருள்தோறும் ஒரு சிறு வழிகாட்டித் தலைப்பு இருக்கிறது. வாசகர் தமக்கு வேண்டிய தலைப்பை முதலில் கண்டுபிடித்து, அதன்கீழ் உள்ள வாக்கியங்களைப் படித்தால் போதும். அடிக்கும் தொலைபேசியை எடுப்பதற்கும், யாரோ தட்டும் கதவைப் போய்த் திறப்பதற்கும் ஆங்கிலேயர் இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக்கூட அது தனித் தலைப்பிட்டுச் சொல்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தப் பதிவு இன்னொரு வகையிலும் பயன்படுகிறது. ‘கெட்’டை அடுத்து ஒரு பெயரடை வரும்போது அதன் பொருள் ‘ஆதல்’ என்று அது தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. இந்தப் பொருளைத் தமிழ் பெரும்பாலும் தனிச்சொல்லால் சொல்வதில்லை; வினையின் வடிவத்திலோ துணைவினையிலோ வைத்துச் சொல்கிறது. ‘ஐ காட் வெட்’ என்றால் நனைந்துவிட்டேன்; ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது; ‘தே காட் மேரீட்’ என்றால் அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இவை எதிலும் ‘பெறு’வுக்கு இடமில்லை என்பதை வாக்கியங்களை வரிசையாகப் படிக்கும்போதுதான் உணர முடிகிறது.

நம்மவர் அதிகம் தவறும் இடமும் இந்தப் பதிவிலேயே இருக்கிறது. சலூனுக்குப் போய்வந்தவர் தமிழில் ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்கிறார். வெட்டியது கடைக்காரர் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். அதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், கத்தரிக்கோலைத் தாமே எடுத்து வெட்டிக்கொண்டார் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்ற அமைப்பை, ஒரு வேலையைச் செய்வித்தல் என்ற தலைப்பின்கீழ் இந்த அகராதி தனியே வைத்திருக்கிறது. நம் ‘கொள்’ செய்யும் வேலையில் ஒரு பகுதியை ‘கெட்’ செய்கிறது என்று கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

இந்த அகராதி இப்படி அமைந்ததற்கு அதன் பிறப்பே காரணம். இதன் மூல ஆசிரியரான ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஒரு வினையின் பொருளைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, அதை அடுத்து எத்தகைய அமைப்பு வரும் என்பதும் தெரிய வேண்டும் என்ற தேவையை வகுப்பறையில் கண்டு, வினை அமைப்புகளுக்கு அவர் முதலிடம் கொடுத்தார். அவரும் உடன்பணியாற்றிய இருவரும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது; அதை 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே எழுதப்பட்டதால், ஆங்கிலேயர் விளக்கத் தேவையில்லை என்று கருதக்கூடியவற்றை இது பொறுமையாக விளக்குகிறது.

‘கெட்’ என்ற சொல், ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியான நார்ஸிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மறத்தலைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’டில் உள்ள ‘கெட்’டும் அதே வேரின் ஆங்கிலக் கிளைதான். சொல் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் அதற்கென உள்ள பெரிய அகராதிகளை நாடலாம்.

ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் விளக்கங்கள் எளிய சொற்களில் இருந்தாலும் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இதை வாங்கித் தர வேண்டாம். மற்றவர்கள் இதன் பக்கத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வைத்துக்கொள்வது நல்லது. அதில் ‘எடு’, ‘பிடி’ போன்ற நம் வினைகளின் பல பொருள்களைப் படித்துவிட்டு வருபவருக்கு ‘கெட்’டின் நீளம் அச்சமூட்டாது. அச்சுநூல் கனமானது, விலையும் கூடியது. அவ்வப்போது ஒரு சொல்லைப் பார்ப்பவருக்கு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் வடிவமே போதும். எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் அன்றாட வேலையாக உள்ளவர்கள் அச்சுநூலை வாங்கி, ‘கெட்’ வரும் பக்கங்களை ஒரு வாரம் பென்சிலோடு படிக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண் என் பிரதியின் ஓரங்களில் தலைப்புதோறும் ஒரு தமிழ் வாக்கியம் எழுதி வருகிறாள். இப்போது ‘நோய்’க்கு நேரே ‘சளி பிடித்திருக்கிறது’ என்று இருக்கிறது.