சிமேக் குறைந்தபட்சப் பதிப்பு: 3.16-இல் தொடங்கி 3.22 வரை

எங்கள் சி++ லைப்ரரியை உபுண்டு லினக்ஸ் 20.04 காலத்தில் தொடங்கினோம். பில்டை அமைத்துத் தரும் கருவியான சிமேக்கில் அதில் இயல்பாகக் கிடைத்தது 3.16. பில்ட் செய்யத் தேவையான குறைந்தபட்சப் பதிப்பாக அதையே சிமேக் கோப்பின் முதல் வரியில் எழுதினோம். பில்டை வேகப்படுத்தும் ப்ரீகம்பைல்டு ஹெடர், யூனிட்டி பில்ட் இரண்டும் 3.16-இலேயே வந்துவிட்டன, வெளி லைப்ரரிகளை இறக்கிச் சேர்க்கும் ஃபெட்ச்கன்டென்ட் அதற்கும் முன்பே இருந்தது. அதனால் பல வருடம் எந்தக் குறையும் தெரியவில்லை.

எண் சிறியதாக இருந்தால் எல்லாரிடமும் ஓடும் என்று நினைத்து 2.8 என்று எழுதிவிடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த எண் பழைய சிமேக்கைத் தடுப்பதோடு நிற்பதில்லை. புதிய சிமேக்கையும் அந்தப் பழைய பதிப்பைப் போலவே நடந்துகொள்ளச் சொல்கிறது. எனக்கு அதிகம் தொல்லை தந்தது, ஒரு வசதி வேண்டுமா வேண்டாமா என்று தேர்வுசெய்ய உதவும் ஆப்ஷன் கட்டளைதான். மேல் ப்ராஜெக்டில் சாதாரண மாறி வைத்து 'டெஸ்ட் வேண்டாம்' என்று சொல்லியிருப்போம். உள்ளே சேர்த்த லைப்ரரி 3.13-க்குக் கீழே எண் வைத்திருந்தால், முதல் தடவை கான்ஃபிகர் (பில்டுக்கு முந்தைய அமைப்புப் படி) செய்யும்போது அது எடுபடாது. கணினியில் இருப்பது எவ்வளவு புதிய சிமேக்காக இருந்தாலும் இதே கதைதான்.

2025 மார்ச்சில் சிமேக் 4.0 வந்து, 3.5-க்கு முந்தைய பதிப்புகளுக்கான ஆதரவை நீக்கியது. நாங்கள் சார்ந்திருந்த ஒரு சிறிய லைப்ரரி அன்றிலிருந்து கான்ஃபிகரே ஆகவில்லை. சிமேக்கின் பாலிசி வெர்ஷன் மினிமம் (CMAKE_POLICY_VERSION_MINIMUM) மாறியில் 3.5 கொடுத்துச் சமாளித்தோம். ஆனால் அது அந்த நேரத்துக்கான ஒட்டு மட்டுமே. லைப்ரரியின் முதல் வரியைத் திருத்துவதுதான் சரியான வழி.

இன்னொன்றும் முக்கியம். 3.16 என்று எழுதிவிட்டு 3.24-இல் வந்த வசதியைப் பயன்படுத்தினால், புதிய சிமேக் ஒரு வார்த்தை சொல்லாது. பழைய பதிப்பு வைத்திருப்பவரிடம்தான் உடையும். அதனால் சிஐ-யில் (கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) ஒரு ஜாப் எப்போதும் நாம் எழுதிய அதே குறைந்தபட்சப் பதிப்பில் ஓட வேண்டும். சோதிக்காத எண்ணை நான் நம்புவதில்லை.

உபுண்டு 20.04-இன் வழக்கமான ஆதரவு 2025-இல் முடிந்ததும் 3.22-க்கு மாறினோம். உபுண்டு 22.04-இல் இருப்பது அதுதான். டெபியன் 11-இல் 3.18 என்பதால் அங்கே இருப்பவர்களுக்குச் சிரமம், உண்மைதான். பைத்தானின் பிப் மூலம் புதிய சிமேக்கை நிறுவிக்கொள்ளலாம் என்று ரீட்மீயில் எழுதி வைத்தோம். எண்ணை 3.22...3.28 என்று வரம்பாகவே கொடுத்திருக்கிறோம். 3.22 வைத்திருப்பவருக்கும் ஓடும், புதிய பதிப்பு வைத்திருப்பவருக்கு 3.28 வரையிலான புதிய நடத்தையும் கிடைக்கும்.

பிறர் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரி என்றால் இன்று நான் 3.22-தான் சொல்வேன். உங்கள் குழு மட்டும் பில்ட் செய்யும் செயலிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, நேராக 3.28 வையுங்கள். சி++20 மாட்யூல் ஆதரவு சோதனை நிலையைத் தாண்டி வந்ததும் அதில்தான்.